மறு: நேரம் நீள்வதற்கும் நீளம் குறைவதற்கும் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகள் சாஸ்திர மேளாவுக்கு (அறிவியல் கண்காட்சி) மியூவான் பற்றி, அதாவது வானில் உயரத்தில் பிறந்து தரையை நோக்கி வரும் நுண்துகள் பற்றி, சார்ட் தயாரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிரிண்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். மிக வேகமாகச் செல்லும் பொருளின் நேரம் நம் கணக்கில் நீள்வதற்கு (டைம் டைலேஷன்) "கால நீட்டிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். "விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைத் தள்ளிப்போடுவதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பேப்பரில் அந்தப் பொருளில்தானே வருகிறது!

---

டீச்சருக்கு வணக்கம். சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. எழுத்தை ஒலிக்கும் கால அளவான மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. அது மிகுந்தால் அளபெடை, குறைந்தால் குறுக்கம். ஐகாரத்துக்கு இரண்டு மாத்திரை. "ஐப்பசி"யில் ஒன்றரை, "வளையல்" என்பதில் ஒன்று. எழுத்து அதேதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து அளவு வேறுபடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்வதும் இதற்கு வெகு அருகில்தான். ஆகவே "கால அளபெடை".

---

ஐயா, ஒப்புமை அருமை. ஆனால் அளபெடையில் நீட்டிப் பாடுகிறவருக்கே அது நீண்டுதான் கேட்கும். மியூவான் கதை வேறு. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்தில் 0.998 பங்கு வேகத்தில் வந்தாலும், அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் தரையில் நிற்கும் நம் கணக்கில் அதன் ஆயுள் ஏறக்குறைய 16 மடங்கு, அதாவது 35 மைக்ரோநொடி. 10 கி.மீ. இறங்கி வந்துவிடுகிறது. மியூவானோடு கூடவே வருகிறவருக்கோ ஆயுள் அதே 2.2தான், நம்முடைய 10 கி.மீ. அவருக்குச் சுமார் 630 மீட்டர். இரண்டு கணக்கும் சரி, எந்தக் கடிகாரத்திலும் பழுதில்லை. அதனால்தான் "கால விரிவு" என்று போடுவதும் வேண்டாம் என்கிறேன். பிள்ளைகள் வெப்ப விரிவு படித்தவர்கள். அங்கே கம்பி நிஜமாகவே விரிகிறது. என் ஓட்டு "நேர நீட்சி", "நீளக் குறுக்கம்". கூடவே போகும் கடிகாரம் காட்டுவதற்கு "தன்னேரம்". "தற்காலம்" என்றால் இக்காலம் என்று ஆகிவிடும்.

---

"தன்னேரம்" என்றதும் எனக்குத் "தன்னேரில்லாத தலைவன்"தான் நினைவுக்கு வருகிறான். அங்கே நேர் என்றால் ஒப்பு. நேரம் அந்த நேரிலிருந்து வந்ததா என்பது தனி ஆராய்ச்சி, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

---

எதற்கு இவ்வளவு சிரமம்? "டைம் டைலேஷன்" என்றே போடுங்கள். நடுவர்கள் பெரும்பாலும் மலையாளிகள்தான், அவர்களுக்கும் புரியும்.

---

நடுவருக்குப் புரிந்தால் போதாது, சார்ட்டின் முன் நின்று விளக்கப் போகிறவள் தமிழில் படித்தவள். "நேர நீட்சி, நீளக் குறுக்கம்" என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதையே போடுகிறேன். நன்றி.

---

போடுங்கள் டீச்சர், தடுக்கவில்லை. ஆனால் நீட்சி பிறந்தது "நீள்" என்பதிலிருந்து. குறுக்கமோ மாத்திரைக்கு உரியது. நீளத்தின் சொல்லை நேரத்துக்கும், நேரத்தின் சொல்லை நீளத்துக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.