புதுப்பிப்பு: ஒழுங்கை நாயின் முன்னங்கால்
வெள்ளவத்தையில் திரீவீலர் அடித்த எங்கள் ஒழுங்கை நாய், எலும்பு முறியாமலே ஏன் காலை இழுக்கிறது என்று கேட்டிருந்தேன். மிருக வைத்தியரிடம் காட்டியாச்சு. அடிபட்டது ரேடியல் நரம்பு. முழங்கையையும் பாதத்தையும் நீட்டும் தசைகளுக்குக் கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. தசை நல்லாத்தான் இருக்கு. ஆனால் நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்காவிட்டால் தசை சுருங்காது. அதனால் பாதம் மடிந்து, அதன் மேற்பக்கத் தோல் தரையில் உரசிப் புண்ணாகிவிட்டது. முழங்கைக்கு மேலே தடவினால் எலும்பு தட்டுப்படுகிறது. நரம்புத் தொடர்பு போன தசை, சும்மா கிடக்கும் தசையைவிட வேகமாக மெலியுமாம்.

விரலை இடுக்கியால் அழுத்தினபோது திரும்பிக் கடிக்கப் பார்த்தது. வைத்தியருக்கு அதில்தான் சந்தோஷம், வலி தெரிகிறதே, நரம்பு முழுசாக அறுந்திருக்காது என்று! நரம்பு திரும்ப வளர்வதோ நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். காலை எடுத்துவிடச் சொன்னவர்களே, இப்போதைக்கு இல்லை. மூட்டு இறுகாமல் தினமும் மடக்கி நீட்டிவிடுகிறோம்.