புதுப்பிப்பு: மூன்று பக்க ரெஸ்யூமே ஒரு பக்கமானது

"மூன்று பக்க ரெஸ்யூமே, ஒரு அழைப்புகூட இல்லை" என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்னபடி அப்பா பெயர், மதம், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" உறுதிமொழி எல்லாவற்றையும் தூக்கினேன். பாதிப் பக்கம் காலி!

பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்த டிசைனும் போயிற்று. பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் வரிகள் கலந்து கிடந்தன. நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அதிக நேரம் பிடித்தது புராஜெக்ட் வரிதான். "ஹாஸ்டல் மெஸ் ஆப் செய்தேன்" என்பது இப்போது "ஃபிளட்டர், ஃபயர்பேஸில் மெஸ் டோக்கன் ஆப், ஒரு செமஸ்டரில் 240 மாணவர்கள் பயன்படுத்தினர்" என்றாகியிருக்கிறது (ஃபிளட்டர் ஆப் உருவாக்கும் கருவி, ஃபயர்பேஸ் ஆப்பின் தரவைச் சேமிக்கும் சேவை). 'கடின உழைப்பாளி'யை நீக்க மனசே வரவில்லை. அப்புறம் அதையும் எடுத்துவிட்டேன்.

நேற்று ஒரு இன்டர்ன்ஷிப் நேர்காணல். முதல் கேள்வியே, "அந்த 240 பேரை எப்படி எண்ணினீர்கள்?" சரி என்று ஃபயர்பேஸ் கணக்கைத் திறந்து காட்டினேன். முடிவு வெள்ளிக்கிழமை.