ஆச்சேல நின்ன சமாதானம் இலங்கையில ஏன் நிக்கல?

லாஸ்பேட்டை_பையன்:
பாண்டில எம்ஏ பாலிடிக்ஸ் படிக்கிறேன், உள்நாட்டுப் போருக்கு அப்புறம் ஒப்பந்தத்த நிறைவேத்த வெளிநாடுங்க எப்டி உதவுதுன்னு செமினார் எடுக்கணும். ஒரு டவுட்டு. 2004 சுனாமி நம்ம கடலூரையும் அடிச்சுது, இலங்கையையும் அடிச்சுது, இந்தோனேசியாவுல ஆச்சேயையும் அடிச்சுது. ஆச்சேல அடுத்த ஆகஸ்ட்லயே ஹெல்சிங்கில கையெழுத்து போட்டு சண்டை முடிஞ்சுது. இலங்கையில 2002லேர்ந்தே அரசுக்கும் புலிகளுக்கும் ஒப்பந்தம் இருந்துச்சு, நடுவுல நின்னு பேச நார்வே இருந்துச்சு, 2003ல டோக்கியோல 450 கோடி டாலர் தரோம்னாங்க, அப்டியும் 2006ல திரும்ப சண்டை. காசு பத்தலன்னு சொல்ல முடியாதே? புக்கு லிஸ்ட் வேணாம், புரியற மாதிரி சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்:
2002ல போட்டது வெறும் போர் நிறுத்தம் தம்பி, கடைசி தீர்வு என்னான்னு அதுல கெடையாது. ஆச்சே ஒப்பந்தத்த எடுத்துப் படி, எல்லாமே நம்பர். ஆச்சேவ தனி நாடா கேட்டு சண்டை போட்ட ஜிஏஎம் இயக்கம் 840 துப்பாக்கி குடுக்கணும், 3000 போராளிங்கள கலைக்கணும், அரசாங்கம் வெளிலேர்ந்து கொண்டாந்த படைய திருப்பி அனுப்பிட்டு 14,700 ராணுவமும் 9,100 போலீசும் தான் வெச்சிக்கணும், அதுவும் செப்டம்பர் 15ல ஆரம்பிச்சு டிசம்பர் 31க்குள்ள நாலு தவணையா, இவங்க குடுக்க குடுக்க அவங்க கெளம்பணும். பாக்கறதுக்கு ஐரோப்பிய யூனியனும் ஆசியான்ல அஞ்சு நாடும் சேந்து ஏஎம்எம்னு ஒரு டீம். வாங்குன துப்பாக்கிய குடோன்ல பூட்டி வெக்கல, ஜனங்க முன்னாடியே மெஷின் ரம்பத்துல அறுத்துப் போட்டாங்க. முக்கியமானது, ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா டீம் தலைவர் சொல்றது ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்துச்சு. அந்த அதிகாரம் தான் மேட்டரே, காசெல்லாம் அப்புறம்.

கீழ்புத்துப்பட்டு:
அண்ணை சொல்றது சரி. நான் இங்க முகாம்ல இருக்கிறன். எங்கட பக்கம் வந்த நோர்டிக் கண்காணிப்புக் குழுவால மீறல் எண்டு எழுதி வைக்கத்தான் ஏலும், நிப்பாட்ட ஏலாது. அவை எழுதினதில பெரும்பகுதி புலிகளின்ட மீறல்தான், அதையும் சொல்லத்தான் வேணும். 2006 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது, உடனே ஒன்றிய நாட்டுக்காரர் எங்களைக் கண்காணிக்கக் கூடாது எண்டு புலிகள் சொல்ல சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆக்கள் போயிட்டினம், நோர்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிச்சம். சுனாமிக் காசைப் பங்கிட 2005 ஜூன்ல அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு எண்டு கையெழுத்து வச்சினம், ஜேவிபி எண்ட சிங்களக் கட்சி வழக்குப் போட்டு அடுத்த மாசமே முக்கியமான பகுதிகளுக்குத் தடை வாங்கிட்டுது.

தேவனாம்பட்டினம்:
எல்லாரும் வெளிநாடுன்னா நடுநிலைன்னு பேசறீங்க. 1987ல ஜூலை கடைசில இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்து, சமாதானம் காக்கப் போன நம்ம ராணுவமே அக்டோபர்ல புலிகளோட சண்டையில, 1100 பேருக்கு மேல நம்மாளு செத்தாங்க. அந்த ஒப்பந்தத்தால வந்த மாகாண சபைக்கு போலீஸ் அதிகாரம் சட்டத்துல இருக்கு, இன்னைக்கு வரைக்கும் கைக்கு வரல. இங்க மீனவங்களுக்குள்ள சுருக்குமடி வலை சண்டைல அமைதிக் கூட்டம் போட்டு ரெண்டு ஊர்லயும் கையெழுத்து வாங்குவாங்க, அடுத்த நாள் கடல்ல போய் பாக்க ஆளு வேணுமே, அந்தக் கதை தான். ஆச்சேவையும் ரொம்பத் தூக்காதீங்க. சண்டைல நடந்த அக்கிரமத்த விசாரிக்க உண்மை ஆணையம் வெப்போம்னு 2005ல எழுதுனது 2016ல தான் வந்துச்சு, ஏஎம்எம் 2006 டிசம்பர்லயே மூட்டை கட்டிடுச்சு.

மஞ்சக்குப்பம்:
ஒத்துக்கறேன். ஆனா அது கெளம்பற அதே மாசம் தேர்தல் நடந்து பழைய ஜிஏஎம் ஆளு இர்வாண்டி யூசுப் கவர்னரா ஜெயிச்சாரு, அது சின்ன விஷயமா?

புலியூர்_வாசகன்:
நேபாளத்தையும் சேத்துக்கோ தம்பி. மாவோயிஸ்ட் சண்டை முடிஞ்சு 2007ல ஐநா மிஷன் போயி 19,600 சொச்சம் மாவோயிஸ்ட் போராளிங்கள சரிபாத்துச்சு. துப்பாக்கியெல்லாம் முகாம்லயே கன்டெய்னர்ல, சாவி மாவோயிஸ்ட் கையில.

லாஸ்பேட்டை_பையன்:
சாவி அவங்க கையிலயா? தெறந்து எடுத்துட மாட்டாங்களா சார்?

புலியூர்_வாசகன்:
சாவிய புடுங்கினா அது சரணடைஞ்ச மாதிரி ஆயிடும்ல, அவங்க மானம் போயிடும், அதான் விட்டாங்க. ஆனா தெறந்தா சைரன் அடிக்கும், கேமராவும் ஐநா ஆளுங்களும் பக்கத்துலயே. நேபாள ராணுவமும் அதே எண்ணிக்கையில பூட்டி வெச்சுது. 2011 ஜனவரில மிஷன் கெளம்பும்போது போராளிங்க இன்னும் முகாம்ல தான் இருந்தாங்க, கடைசில ராணுவத்துல சேந்தது 1400 பேர் சொச்சம், பெரும்பாலானவங்க 5லேர்ந்து 8 லட்சம் நேபாள ரூபா வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.