தம்பிக்கு ஸ்டெம் செல் ஊசி: ஆறு லட்சம் கட்டலாமா?

கொருக்குப்பேட்டை அக்கா:
வணக்கம். என் தம்பிக்கு 27 வயது, மணலியில் லோடுமேன். போன ஆடி மாதம் லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்துவிட்டான். ஸ்டான்லியில் ஆபரேஷன் செய்து முதுகில் ராடு வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி8 கம்ப்ளீட்' என்று இருக்கிறது. மார்புப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது இடத்தில் தண்டுவடம் முழுசாகப் பாதித்துவிட்டது என்று அர்த்தமாம். மார்புக்குக் கீழே தொட்டால் தெரியாது. எட்டு மாதம் ஆகிறது.

சொந்தக்காரர் ஒருவர் ஒரு கிளினிக்கைச் சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல்லை (வேறு செல்லாக மாறக்கூடிய மூல செல்) பிரித்து முதுகில் ஊசியாகப் போடுவார்களாம். மூன்று ஊசி, ஆறு லட்சம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் ஐம்பதாயிரம் தள்ளுபடி. அம்மா வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். எனக்குத் தள்ளுபடி என்றதும்தான் வயிற்றைக் கலக்கியது. அது என்ன ஜவுளிக்கடையா?

இன்னொன்று. நேற்று உடம்பு துடைத்துவிடும்போது இடது கால் கட்டைவிரல் தானாக அசைந்தது. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். அது நல்ல அறிகுறிதானே?

ராயபுரம் பையன்:
என் மச்சானுக்குக் கழுத்தில் அடி. இதே ஊசி போட்டோம். இப்போது ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். நம்பிக்கையோடு போடுங்க அக்கா, காசு இன்றைக்கு வரும் நாளைக்குப் போகும்.

சாரம் அண்ணன் (தண்டையார்பேட்டை):
தம்பி, உன் மச்சானுக்கு அடிபட்டு எத்தனை நாளில் ஊசி போட்டார்கள்?

ராயபுரம் பையன்:
இரண்டு மாதம் இருக்கும்.

சாரம் அண்ணன்:
சரி. முழுசாக அறுபடாத தண்டுவடமாக இருந்தால் முதல் ஆறு மாதத்தில் நிறையத் தானாகவே திரும்பி வரும். அவர் சாப்பிடுவது சந்தோஷம். ஆனால் ஊசியால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தங்கச்சி, இப்போது உனக்கு. நான் பெயின்டர். 2011-இல் மூன்றாம் மாடி சாரத்திலிருந்து விழுந்தேன், டி10. அன்றிலிருந்து வீல்சேர்தான். 2014-இல் ஆட்டோவை விற்று, மாமனாரிடம் கடன் வாங்கி, நாலரை லட்சம் கட்டி இதே மாதிரி ஊசி போட்டுக்கொண்டேன். எங்கே என்று கேட்காதே. போட்ட இரவு காய்ச்சலும் தலைவலியும். மறுநாள் கால் சூடாக இருப்பது போலத் தோன்றியது. நாலரை லட்சம் கொடுத்தவனுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் கழித்து என்னை இரண்டு கம்பிக்கு நடுவே நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். நான் நாலு எட்டு வைத்தேன். ஆனால் பேன்டுக்குள்ளே இரண்டு காலிலும் இடுப்பு வரை காலிப்பர், முட்டி மடங்காமல் காலை நிமிர்த்திப் பிடிக்கிற தாங்கி. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் ஊசிக்கு இரண்டு வருஷம் முன்பே அந்தக் காலிப்பரோடு நடந்தவன்தான் நான். அந்த வீடியோவைக் காட்டி எத்தனை பேரிடம் வாங்கினார்களோ தெரியாது. உனக்கும் வீடியோ காட்டியிருப்பார்கள். முகத்தைப் பார்க்காதே, முட்டியைப் பார். மடங்குகிறதா?

கட்டைவிரல் விஷயம் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. டி8 அடிக்குப் பிறகு, தொட்டாலோ துணி உரசினாலோ கால் வெட்டி வெட்டி இழுக்கும். மூளைக்குச் சேதி போகாமல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியே செய்கிற வேலை அது. கண்ணை மூடச் சொல்லி, 'விரலை ஆட்டு' என்று சொல்லிப் பார். சொன்னதும் ஆடினால் உடனே டாக்டரிடம் ஓடு.

பிசியோ வேலூர்:
அண்ணன் சொன்னது சரி. ஸ்டெம் செல்லே பொய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல் போல மாற்றியது) நரம்புக்கான முன்னோடி செல்களை வளர்த்து, ஆளுக்கு 20 லட்சம் செல்கள் வீதம் நாலு பேருக்கு வைத்தார்கள். முடிவை 2025 மார்ச்சில் சொன்னார்கள்: ஒருவர் எழுந்து நின்று நடைப் பயிற்சி செய்கிறார், இன்னொருவருக்கும் ஓரளவு முன்னேற்றம், மற்ற இருவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு பேருக்குமே அடிபட்ட 14 முதல் 28 நாளுக்குள் வைத்தது. நாளாக ஆக அடிபட்ட இடத்தில் தழும்பு கெட்டியாகி, நரம்பு இழை தாண்டி வளர விடாது. உங்கள் தம்பிக்கு எட்டு மாதம்.

போலந்தில் 2012-இல் மூக்கு நரம்பு சம்பந்தப்பட்ட செல்களை வைத்த ஒருவர் வாக்கரோடு நடந்தார். அவர் வாரம் ஐந்து நாள், தினம் ஐந்து மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர் என்பதைக் கிளினிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். வேறொரு நாட்டில் மூக்குத் திசுவை வைத்துக்கொண்ட பெண்ணுக்கு எட்டு வருஷம் கழித்து முதுகில் கட்டி. அறுத்துப் பார்த்தால் உள்ளே சளி போன்ற திரவம்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல்லும் ஆய்வு மட்டுமே. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. கிளினிக்கில் சிடிஆர்ஐ (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:
கேட்டேன். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா' என்றார்கள். வீடியோவையும் மறுபடி பார்த்தேன். முட்டி மடங்கவே இல்லை, அண்ணா. விரல் சொன்னால் ஆடவில்லை, துணி பட்டால்தான் ஆடுகிறது. தம்பிக்கு முன்பே தெரியுமாம், அம்மாவுக்காகச் சும்மா இருந்திருக்கிறான்.

வலது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்க்கிறோம். சரியா?

சாரம் அண்ணன்:
தேய்க்காதே! விரலால் அமுக்கி எடு, வெளுக்கிறதா?

கொருக்குப்பேட்டை அக்கா:
இல்லை அண்ணா. அப்படியே சிவப்பாகத்தான் இருக்கிறது.

சாரம் அண்ணன்:
படுக்கைப் புண் ஆரம்பம். எனக்கு இப்படித் தொடங்கியது எலும்பு தெரிகிற வரைக்கும் போய், ஐந்து மாதம் குப்புறப் படுத்தேன். இப்போதே கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வை, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை, ராத்திரியும் அலாரம் வைத்து. காலையில் ஓபி சீட்டு போட்டு டாக்டரிடம் காட்டிவிடு. வீட்டில் வேறு தலையணை இல்லையென்றால் அம்மாவுடையதை எடு, பத்திரத்தைப் பீரோவில் வைக்கச் சொல்.