நைஜருக்கு ஒரு வாரக் கெடு: வைத்தது தப்பா, சொன்னதைச் செய்யாதது தப்பா?

ஊர்க்குருவி:
2023 ஜூலை 26 அன்று நைஜர் அதிபர் முகமது பாசுமை அவருடைய மெய்க்காவல் படையே பூட்டி வைத்தது. அந்தப் படையின் தலைவர் சியானி நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கே நாளில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் கெடு வைத்தது: ஒரு வாரத்துக்குள் பாசும் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் படைபலத்தையும் பயன்படுத்துவோம் என்று. கெடு முடிந்தது, படை போகவில்லை. மிரட்டியது தப்பு என்கிறார்கள் பல வெளியுறவு நிபுணர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மிரட்டிவிட்டு சும்மா இருந்ததுதான் தப்பு. 2017 ஜனவரியில் காம்பியாவில் தேர்தலில் தோற்ற அதிபர் ஜாமே இறங்க மறுத்தார். செனகல் படை எல்லை தாண்டியது, இரண்டே நாளில் மூட்டை கட்டிவிட்டார்.

திசைமானி:
எல்லாரும் காம்பியாவையே இழுக்கிறீர்கள். அந்தக் குட்டி நாட்டுக்கு மூன்று பக்கமும் செனகல், நாலாவது பக்கம் கடல். அங்கே ஜெயித்தவர் பாரோ வெளியே இருந்தார், செனகல் தலைநகர் டாக்கரில் பதவியேற்று அவரே உதவி கேட்டார். நைஜரில் காப்பாற்ற வேண்டிய ஆளே எதிரியின் கையில் பிணையாக இருந்தார். நைஜீரியாவோடு மட்டும் சுமார் 1,600 கிலோமீட்டர் எல்லை. அந்தப் பக்கம் நைஜீரியாவின் ஏழு மாநிலங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் ஹவுசா மக்கள், கொண்டான் கொடுத்தான் உறவு. சொந்தக்காரன் வீட்டுக்குக் குண்டு போடச் சொன்னால் அந்த மாநிலங்களின் பிரதிநிதிகள் கை தூக்குவார்களா? கெடு முடிவதற்கு முன்பே நைஜீரிய செனட் படை யோசனைக்கு ஆதரவு தரவில்லை. மாலியும் புர்கினா ஃபாசோவும் 'நைஜர் மேல் கை வைத்தால் எங்கள் மேல் போர்' என்று அறிவித்தன. அல்ஜீரியாவும் எதிர்ப்பு. இதெல்லாம் சியானிக்குத் தெரியாதா என்ன?

ஊர்க்குருவி:
அப்படியானால் நைஜீரிய அதிபர் டினுபு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? கூட்டமைப்புக்கு அவர் தலைவரான அதே மாதம்! மாலி, கினி, புர்கினா ஃபாசோ என்று 2020இலிருந்து வரிசையாக ராணுவத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

செவ்வந்தி:
படையை விடுங்கள், தடைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. நைஜர் நகரங்களுக்கு வரும் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நைஜீரியாவிலிருந்து வந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். நைஜர் தலைநகர் நியாமேயில் தினசரி மின்வெட்டு. ஜெனரேட்டர் இருக்கிறவன் சமாளிப்பான், தையல் மெஷினும் ஃபிரிட்ஜும் வைத்துப் பிழைக்கிறவன் என்ன செய்வான்? பக்கத்து நாடான பெனினில், எல்லை ஊர் மலன்வில்லில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் லாரிகள் வாரக்கணக்கில் நின்றன. பிராந்திய மத்திய வங்கி அரசுப் பணத்தை முடக்கியது, நைஜர் கடன் தவணைகளைக் கட்டவில்லை. இத்தனைக்கும் நடுவில் சியானிக்கு என்ன ஆனது? 'பாருங்கள், முன்பு நம்மை ஆண்ட பாரிஸுக்காக அக்கம்பக்கத்து அண்ணன் தம்பியே நம்மைப் பட்டினி போடுகிறான்' என்று மைதானத்தில் கூட்டம் சேர்த்தார். அடைபட்டிருந்த பாசும் வீட்டிலும் மின்சாரம் இல்லை, அரிசியும் பாஸ்தாவும்தான் மிச்சம் என்று அவர் தரப்பே சொன்னது.

பழைய நிருபர்:
தம்பி, நிபுணர்களில் பலர் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகும் ஒன்றைச் சொல்கிறேன். எக்கோவாஸுக்கு 2001இலேயே ஜனநாயக நெறிமுறை ஒன்று உண்டு. சீருடை போட்டவன் கவிழ்த்தால் பொங்குவார்கள். கோட்டு சூட்டு போட்டவன் அரசியல் சட்டத்தை வளைத்தால்? 2020இல் ஐவரி கோஸ்ட்டில் அதிபர் வட்டாரா மூன்றாம் முறை நின்றார். 2024இல் டோகோவில் அரசியல் சட்டத்தையே மாற்றி, மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையையே எடுத்துவிட்டார்கள். கெடு வைத்தார்களா? யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற யோசனை 2015இல் அக்ராவில் நடந்த எக்கோவாஸ் மாநாட்டில் வந்தபோது காம்பியாவும் டோகோவும் தடுத்தன, அதோடு கிடப்பில் போனது. நியாமே தெருவில் இளைஞர்கள் ரஷ்யக் கொடியோடு ராணுவத்துக்குக் கை தட்டினார்கள், அதற்கு அந்தக் கொடியை மட்டும் காரணம் சொன்னால் எப்படி?

ஊர்க்குருவி:
ஐயா சொல்வது நியாயம். ஆனால் பாசும் 2021இல் முறையாக ஓட்டு வாங்கி வந்தவர். நைஜர் வரலாற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இன்னொருவரிடம் ஆட்சியை ஒப்படைத்தது அப்போதுதான் முதல் தடவை. வட்டாரா செய்ததற்கு இவரைத் தண்டிப்பதா? 2025 டிசம்பரில் பெனினில் கவிழ்க்கப் பார்த்தபோது நைஜீரிய விமானங்கள் அன்றே போயின. அதிபர் டலோன் தப்பித்தார்.

திசைமானி:
நல்ல உதாரணம், என் பக்கத்துக்கு. டலோன் சிறைப்படவில்லை, பெரும்பாலான ராணுவம் அவரோடு நின்றது, அவரே கூப்பிட்டார். உள்ளே நிற்க ஆள் இருந்தால்தான் வெளியிலிருந்து படை வந்து பயன். நைஜரில் மறுநாளே ராணுவத் தலைமை மெய்க்காவல் படையோடு சேர்ந்துகொண்டது.

செவ்வந்தி:
கடைசியில் என்ன கிடைத்தது? 2024 ஜனவரியில் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் 'எக்கோவாஸிலிருந்து நாங்கள் விலகுகிறோம்' என்றன. பிப்ரவரியில் எக்கோவாஸ் நைஜர் மீதான பெரும்பாலான தடைகளை எடுத்தது. அப்படியும் அவை திரும்பவில்லை, 2025 ஜனவரியில் முறைப்படி வெளியேறின. பிரெஞ்சுப் படையை விரட்டினார்கள். பாசும் குடும்பத்தில் வெளியே வந்தது அவருடைய மகன் சலேம் மட்டும்தான். 2024 ஜனவரியில், சத்தமில்லாத பேச்சுவார்த்தையில்.

ஊர்க்குருவி:
மகன் வந்தார், சரி. 2025 மார்ச்சில் சியானி ஐந்து வருடத்துக்கு அதிபராகப் பதவியேற்றபோதும் அப்பா உள்ளேதான் இருந்தார். இதையா வெற்றி என்கிறீர்கள்?

பழைய நிருபர்:
வெற்றி என்று யாரும் சொல்லவில்லை. அந்த மகனை வெளியே கொண்டுவரப் பேசியது யார் தெரியுமா? மேலே சொன்னேனே, அதே டோகோ.