சிக்னலில் நின்றால் என்ஜின் அணைந்துவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து நிமிடம் ஓடி, வண்டி சூடானதும்தான் தொல்லை. சிக்னலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) முள் 800-லிருந்து 400-க்கு இறங்கி, ஸ்டீயரிங் நடுங்கி, அப்படியே ஆஃப். ஏசி போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். லேசாக மிதித்துப் பிடித்தால் அணைவதே இல்லை. அதனால் ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, காற்று போகும் வழியில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது.

ஏர் ஃபில்டரும் நான்கு பிளக்கும் புதிது. என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றியபோது உள்ளே அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. துடைத்த பிறகு இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை. மெக்கானிக் ஃபியூயல் பம்பை மாற்றச் சொல்கிறார். அவ்வளவு செலவு செய்யும் முன், ஐடிலிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஐடில் வால்வையும், என்ஜினின் உறிஞ்சுவிசை செல்லும் வேக்குவம் குழாய் விரிசலையும் வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது? இதே தொல்லையைச் சரிசெய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். நேற்று மேம்பால ஏற்றத்தில் அணைந்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, அம்மா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை வெள்ளிக்கிழமை போக வேண்டும்.