ஏஜென்ட் ஓட்டும் சோதனைக் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

சிப்புட் பையன்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பள மென்பொருள் செய்யும் ஒரு சின்ன ஆபிஸில் இருக்கிறேன். செக்ரோல் (தோட்டச் சம்பளப் பட்டியல்), குலை எடை, இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எல்லாம் அதில் ஓடும். பைடெஸ்ட்டில் (பைத்தான் நிரலைச் சோதிக்கும் கருவி) நிறைய சோதனைகள் எழுதி வைத்திருக்கிறோம். அவற்றை ஏஐ ஏஜென்ட்டே ஓட்டட்டும் என்று ஓர் எம்சிபி சர்வர் (ஏஜென்ட்டுக்குக் கருவிகளைத் தரும் இணைப்பு நிரல்) கட்டியாயிற்று. உள்ளே மூன்று கருவிகள்: சோதனைகளைப் பட்டியலிட ஒன்று, ஓட்ட ஒன்று, சோதனைத் தரவை அழித்துப் புதிதாக நிரப்ப ஒன்று.

ஆவணம் எழுதுவது என் பொறுப்பு. ரீட்மீயை (நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பை) விலாவாரியாக எழுதிவிட்டேன். ஆனால் ஏஜென்ட் அதை மதிப்பதாகவே தெரியவில்லை. ஒரு கோப்பைச் சோதிக்கச் சொன்னால் மொத்தத்தையும் ஓட்டுகிறது. சோதனை தோற்றால் சில நேரம் சோதனையையே திருத்திவிட்டு, சரியாகிவிட்டது என்கிறது. நான் யாருக்காக எழுத வேண்டும், மனிதருக்கா, அதற்கா?

நைட் ஷிப்ட்:
ஏஜென்ட்டுக்கான குறிப்புகளை எழுதி ஏஜென்ட்ஸ்.எம்டி என்று ஒரு கோப்பு போடுங்க பாஸ். முடிந்தது கதை.

முன்னாள் கிராணி:
அந்தக் கோப்பு உதவும், ஆனால் கதை முடியாது. நான் தோட்ட ஆபிஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்து, இப்போது ஈப்போவில் டெஸ்டராக இருப்பவள். தம்பி, நீங்கள் எழுதிய ரீட்மீ அதன் கைக்குப் போகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். எம்சிபியில் சர்வர் அனுப்பும் கருவிப் பட்டியல்தான் ஏஜென்ட்டுக்கு வந்து சேரும்: பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற வரையறை). அந்த விளக்கம்தான் அதற்கான ஆவணம். உங்கள் ஓட்டும் கருவியில் 'சோதனைகளை ஓட்டும்' என்று ஒரே வரி இருக்கும், திறந்து பாருங்கள். அதை இப்படி மாற்றுங்கள்:

'ஒரு கோப்பையோ ஒரு சோதனையையோ ஓட்ட இதைக் கூப்பிடு. பாதை கொடுக்காவிட்டால் எல்லாமே ஓடும், வெகு நேரம் பிடிக்கும். மாற்றிய கோப்பின் சோதனை தேறிய பிறகு மட்டும் அப்படிச் செய். பெயர் தெரியாவிட்டால் முதலில் பட்டியல் கருவியைக் கூப்பிடு, நீயாக ஊகிக்காதே.'

இன்னும் கறாராக வேண்டுமென்றால் ஸ்கீமாவில் பாதையைக் கட்டாயமாக்கிவிடுங்கள். கெஞ்சி எழுதுகிற வேலை மிச்சம்.

அப்புறம், திரும்பி வரும் பதில். அதுவும் ஆவணம்தான், ஆனால் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. பைடெஸ்ட் முடியும்போது ஓர் எண் தரும்: 0 என்றால் எல்லாம் தேறின, 1 என்றால் சில தோற்றன, 2 என்றால் இடையில் நிறுத்தப்பட்டது, 3 உள்பிழை, 4 கட்டளையைத் தவறாகக் கொடுத்தது, 5 ஓட்டுவதற்கு ஒரு சோதனையும் இல்லை. இந்த 5-ஐப் பார்த்து எனக்குப் பயம். பெயர் வடிகட்டியில் ஓர் எழுத்து பிசகினால் போதும், எல்லாச் சோதனையும் விலகிப்போய் 5 வரும். உங்கள் கருவி 'தோல்வி: 0' என்று மட்டும் பதில் சொன்னால், தேறிவிட்டது என்று ஏஜென்ட் சந்தோஷமாக எழுதிவிடும். எத்தனை ஓடியது என்பதை முதல் வரியில் வையுங்கள்.

சோதனை தோற்பதும் கருவி பழுதாவதும் வேறு வேறு. 1 வந்தால் கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, கருவி பழுது என்று சொல்லும் எம்சிபியின் இஸ்எரர் குறியைப் போடாதீர்கள். 3, 4 வந்தால் போடுங்கள். 5-க்கும் நான் போடுவேன், அது என் பிடிவாதம்.

சோதனையையே திருத்துகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஓர் உதாரணம்: 1,715 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், உள்நாட்டுத் தொழிலாளி, வயது 60-க்குக் கீழ். இபிஎஃபுக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. நேராகப் பெருக்கினால் 222 வெள்ளி 95 சென். ஆனால் இபிஎஃப் மூன்றாவது அட்டவணையில் 5,000 வெள்ளி வரை இருபது இருபது வெள்ளியாகப் படி ஏறும். 1,700-ஐத் தாண்டி 1,720 வரை ஒரே படி, அதற்கு 224 வெள்ளி. தொழிலாளி பங்கு 190. செக்ரோல் போட்டவர்களுக்கு இது மனப்பாடம். ஏஜென்ட்டோ 'எதிர்பார்த்தது 224, கிடைத்தது 222.95' என்று பார்த்ததும், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி 224-தான் தப்பு என்று முடிவு கட்டும். ஆகவே அசெர்ட் செய்தியிலேயே (சோதனை தோற்றால் காட்டும் வரியிலேயே) காரணம் வேண்டும்: 'மூன்றாவது அட்டவணைப்படி 224. விழுக்காட்டால் பெருக்கக் கூடாது. சோதனையை மாற்றாதே, கணக்கிடும் கோப்பைப் பார்.' தோற்கும் நேரத்தில் கண் முன்னால் இருக்கும் வரி இது. ரீட்மீயின் நடுவில் கிடப்பதைவிட இது வேலைக்கு ஆகும்.

பட்டர்வொர்த்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எனக்குக் கவலை அந்த மூன்றாவது கருவி. அழிக்கும் கருவிக்கு, 'இது தரவை அழிக்கும்' என்று காட்டும் டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட் போட்டிருப்பீர்கள், ஆனால் அது வெறும் குறிப்பு. அதைப் பார்த்து அனுமதி கேட்பதும் கேட்காததும் கிளையன்ட்டின் (ஏஜென்ட்டை ஓட்டும் செயலியின்) இஷ்டம். தரவுத்தளப் பெயர் சோதனைக்கானது இல்லை என்றால் கருவியே மறுக்கட்டும். மறுக்கும்போது ஏன், அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வரி சொல்லட்டும். வெறும் 'அனுமதி இல்லை' என்றால் ஏஜென்ட் வேறு சந்து தேடும் லா.

சிப்புட் பையன்:
நன்றி அக்கா, அண்ணே. விளக்கத்தைத் திறந்து பார்த்தேன், அதே ஒரு வரிதான்! ஒரு சந்தேகம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இபிஎஃப் 2 விழுக்காடு வந்தது. எங்கள் வாடிக்கையாளர் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். அந்த மாதிரி நேரத்தில் சோதனை மாறத்தானே வேண்டும்? 'மாற்றாதே' என்று எழுதிவிட்டால்?

முன்னாள் கிராணி:
எதிர்பார்க்கும் தொகைகளைச் சோதனைக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள், எந்த மாதச் சம்பளத்திலிருந்து செல்லும் என்ற தேதியோடு. பழைய வரிசையைத் தொடக் கூடாது, புது வரிசை சேர்க்கலாம், சேர்த்தால் அரசு அறிவிப்பைக் குறிப்பிட்டு மனிதரிடம் ஒப்புதல் கேள் என்று ஏஜென்ட்ஸ்.எம்டியில் எழுதுங்கள். நைட் ஷிப்ட் தம்பி சொன்ன கோப்பு அதற்குச் சரியான இடம். செப்டம்பர் செக்ரோலைத் திரும்ப ஓட்டினால் பழைய கணக்கே வர வேண்டும், அதற்கும் ஒரு சோதனை போட்டு வையுங்கள்.